பன்றியின் இருதயம்: கூட வரும் கிருமிக்கு யார் காவல்?

கல்பாக்கத்தில் பஸ் ஏறி மேற்கே போனால் அரை மணி நேரத்தில் திருக்கழுக்குன்றம் வந்துவிடும். மலைமேல் கழுகுக்குச் சோறு வைத்த ஊர் என்று நாடெங்கும் பேர் பெற்ற தலம் அது. 2008ஆம் ஆண்டில் அந்த ஊருக்கு இன்னொரு பேரும் வந்தது. ஹிதேந்திரனின் ஊர்.

ஹிதேந்திரன் 15 வயதுப் பையன். அப்பா டாக்டர். அம்மாவும் டாக்டர். 2008 செப்டம்பரில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் பையனுக்குத் தலையில் பலத்த அடி பட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. மூளைச் சாவு என்று முடிவாயிற்று. இயந்திரத்தின் உதவியால் மூச்சு ஓடிற்று. இருதயம் துடித்தது. ஆனால் பையன் திரும்பி வரமாட்டான்.

பெற்ற வயிறு எப்படிப் பதறியிருக்கும்! அந்த வேதனையிலும் அவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். மகனின் உறுப்புகளைத் தானம் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இருதயம் போக வேண்டும். போலீசார் வழி நெடுகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 11 நிமிடத்தில் இருதயம் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமியின் மார்பில் அது மறுபடியும் துடித்தது.

தமிழ்நாடே அன்று கண் கலங்கியது. உறுப்பு தானம் என்றால் என்ன என்று வீடு தோறும் பேசினார்கள்.

ஆனால் கொடுப்பவர் சிலர். காத்திருப்பவர் பலர். பணக்கார நாடான அமெரிக்காவிலேயே 1 லட்சம் பேருக்கு மேல் மாற்று உறுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருந்து காத்திருந்தே கண் மூடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

"மனிதனிடம் கிடைக்காவிட்டால் மிருகத்திடம் எடுத்தால் என்ன?" என்ற கேள்வி அப்படித்தான் பிறந்தது.

பன்றியா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அது அவரவர் மனதையும் மதத்தையும் பொறுத்தது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிருகத்தின் உறுப்போடு மிருகத்தின் கிருமியும் வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தக் கிருமி நோயாளியோடு நிற்குமா? வீட்டாருக்கும் ஊராருக்கும் பரவுமா?

செத்த தசை வேறு, உயிருள்ள உறுப்பு வேறு

மிருகத்தின் பொருள் மனித உடம்புக்குள் போவது புதிதல்ல.

நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் மருந்தைப் பல ஆண்டுகள் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்தே எடுத்தார்கள். 1980களுக்குப் பிறகுதான் மனித இன்சுலினைச் செயற்கையாகச் செய்து விற்பது வழக்கத்துக்கு வந்தது.

இருதயத்தில் கதவு போலத் திறந்து மூடும் வால்வு கெட்டுப் போனால், பன்றியின் வால்வை வைத்துத் தைப்பதும் உண்டு. 1965இல் பாரிஸ் நகரில் இது தொடங்கிற்று. இன்று உலகம் முழுவதும் நடக்கிறது.

அதில் வராத பயம் இதில் மட்டும் ஏன்?

காரணம் உண்டு. வால்வை மருந்தில் ஊற வைத்துப் பதப்படுத்துகிறார்கள். தோலைப் பதனிடுவது போல என்று வைத்துக் கொள்ளலாம். அதில் உயிர் இல்லை. உயிர் இல்லாத இடத்தில் வைரஸ் பெருகாது.

வைரஸ் என்பது மிக மிக நுண்ணிய கிருமி. அதற்குத் தனி வாழ்வு கிடையாது. உயிருள்ள ஓர் அணுவுக்குள் புகுந்தால்தான் அது ஒன்று நூறாகும், நூறு ஆயிரமாகும். மாற்றி வைக்கும் இருதயமும் சிறுநீரகமும் உயிரோடு இருக்க வேண்டும். அவற்றில் ரத்தம் ஓட வேண்டும். அப்படியானால் உள்ளே ஒளிந்திருக்கும் வைரசும் உயிரோடுதான் வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வேற்று உறுப்பை உடம்பு ஏற்காது. திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து அடித்து விரட்டப் பார்க்கும். அதைத் தடுக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துக் குறைக்கிறார்கள். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறப்பது போன்ற காரியம் இது. விருந்தாளியோடு வேறு யார் நுழைந்தாலும் கேட்க ஆள் இல்லை.

குரங்கு வேண்டாம் என்றது ஏன்?

முதலில் டாக்டர்கள் பார்த்தது குரங்கினத்தைத்தான். மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு அல்லவா! 1984இல் அமெரிக்காவில் ஒரு பச்சிளங் குழந்தைக்குப் பபூன் என்ற குரங்கின் இருதயத்தை வைத்தார்கள். மூன்று வாரத்துக்குள் குழந்தை இறந்துவிட்டது.

நெருங்கிய உறவிலேயே ஆபத்தும் இருக்கிறது. குரங்குக்கு வரும் வைரஸ் மனிதனுக்கும் எளிதில் ஒட்டும். எய்ட்ஸ் நோயைத் தரும் வைரஸ் ஆப்பிரிக்காவின் சிம்பன்சிக் குரங்கிலிருந்து மனிதனுக்கு வந்ததுதான். 1986இல் இந்தியாவில் அந்த வைரசை முதன்முதல் கண்டுபிடித்ததும் சென்னையில்தான். மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு வைரஸ் குரங்கை விட்டு மனிதனிடம் தாவியதால் உலகம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

அதனால் குரங்கை விட்டுவிட்டுப் பன்றியின் பக்கம் திரும்பினார்கள். பன்றியின் இருதயம் அளவில் மனித இருதயத்துக்கு ஒத்து வரும். பன்றி சீக்கிரம் வளரும். ஒரே ஈற்றில் பல குட்டி போடும்.

ஆனால் பன்றியும் கிருமி இல்லாத பிராணி அல்ல. மூளைக் காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடம்பில் பெருகி, கொசுவின் மூலம் மனிதனுக்கு வருகிறது. இந்தியாவில் அந்த நோயை முதலில் கண்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். பன்றியின் பெயர் ஏன் பயத்தோடு சேர்ந்து வருகிறது என்பது வடதமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

சோனாப்பூரில் நடந்த அவசரம்

பன்றி இருதயத்தை மனிதனுக்கு வைக்கும் முயற்சி நம் நாட்டிலும் நடந்திருக்கிறது!

அஸ்ஸாம் மாநிலத்தில் கவுகாத்திக்குப் பக்கத்தில் சோனாப்பூர் என்ற ஊர். அங்கே டாக்டர் தானிராம் பருவா என்ற இருதய மருத்துவர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தார். 1997 ஜனவரியில் அவரும் ஹாங்காங்கிலிருந்து வந்த ஓர் அறுவை டாக்டரும் சேர்ந்து, 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இருதயத்தையும் நுரையீரலையும் வைத்தார்கள். நோயாளி ஏழு நாள் உயிரோடு இருந்தார். பிறகு இறந்துவிட்டார். அவர் உடம்பில் பல கிருமிகள் தொற்றியிருந்தன.

ஊர் கொதித்தது. போலீசார் டாக்டர்களைக் கைது செய்தார்கள். 40 நாள் ஜெயில். 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி அந்த நிலையம் பதிவு செய்யப்படவில்லை. சர்க்கார் அமைத்த விசாரணைக் குழுவும் செய்த காரியம் முறையல்ல என்று சொல்லிவிட்டது.

பருவா காலத்துக்கு முந்திப் பிறந்த மேதை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவருடைய அறிவைப் பற்றி இங்கே வழக்கு இல்லை. கேள்வி ஒன்றுதான். அந்தப் பன்றிக்குள் என்ன கிருமி இருந்தது? அதை வெளியார் சோதித்துச் சொன்னார்களா? நோயாளி பிழைத்து வீடு திரும்பியிருந்தால், அவருடைய மனைவி மக்களை யார் கண்காணித்திருப்பார்கள்? முன்கூட்டி அனுமதி கேட்டிருந்தால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்காததால் பதிலும் இல்லை.

மூக்கில் இல்லை, உள்ளே இருந்தது

25 ஆண்டு கழிந்தது. 2022 ஜனவரி 7. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்குப் பன்றியின் இருதயத்தை வைத்தார்கள்.

இந்தப் பன்றி சாதாரணப் பன்றி அல்ல. மனித உடம்பு அதன் உறுப்பை ஏற்றுக்கொள்வதற்காக, அதன் மரபணுவில் 10 மாற்றங்கள் செய்திருந்தார்கள். வெளிக்கிருமி அண்டாத கொட்டகையில் வளர்ந்தது. சர்க்காரிடம் முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். பன்றிக்கு என்னென்ன கிருமி இருக்கிறது என்று பலமுறை சோதித்திருந்தார்கள்.

இருதயம் நன்றாகத் துடித்தது. பென்னட் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். உலகம் அதிசயித்தது.

20ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒரு சின்னச் சுவடு தெரிந்தது. பன்றிக்கு மட்டுமே வரும் ஒரு வைரஸ்! சைட்டோமெகலோ வைரஸ் என்ற குடும்பப் பெயரால் அதை அழைக்கிறார்கள். சுவடு மிகக் குறைவாகவே இருந்தது. நாளாக ஆக அது கூடிற்று. மார்ச் 8ஆம் தேதி பென்னட் இறந்தார்.

எப்படி ஏமாந்தார்கள்? பன்றியின் மூக்கிலிருந்து சளி எடுத்துச் சோதித்திருந்தார்கள். மூக்கில் வைரஸ் இல்லை. அது உறுப்புக்குள்ளே ஆழத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. மனிதனுக்குள் வந்ததும் விழித்துக்கொண்டது. இருதயம் செயல் இழந்ததற்கு அந்த வைரசும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆராய்ச்சி அறிக்கை சொல்லிற்று.

ஜெர்மனியில் பபூன் குரங்குகளுக்குப் பன்றி இருதயம் வைத்து நடத்திய சோதனையிலும் இதே வைரஸ் விளையாடியிருக்கிறது. வைரஸ் இல்லாத இருதயம் பெற்ற குரங்குகளில் ஒன்று 195 நாள் வரை வாழ்ந்தது. வைரஸ் இருந்த இருதயத்தைப் பெற்றவை 30 நாள் கூடத் தாங்கவில்லை. இந்த முடிவு 2020லேயே வெளிவந்துவிட்டது.

இது நோயாளியின் சொந்த அணுக்களைத் தொற்றியதாகத் தெரியவில்லை. பன்றியின் இருதயத்தையே கெடுத்தது. பக்கத்தில் இருந்த யாருக்கும் பரவவும் இல்லை. அந்த மட்டில் உலகம் தப்பித்தது. ஆனால் இத்தனை பேர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தும் ஒன்று நழுவி வந்துவிட்டதே! யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

வந்து ஒட்டிய கிருமி, கூடப் பிறந்த கிருமி

பன்றியின் வைரஸ்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. மேலே சொன்னது அந்த வகை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் 'ஈ' வகை ஹெபடைடிஸ் வைரசும் பன்றியிடம் உண்டு. அது மனிதனுக்கும் வரும். இவற்றை விலக்கி வைக்க வழி இருக்கிறது. குட்டி பிறந்த உடனே தாயைவிட்டுப் பிரித்து, சுத்தமான இடத்தில் தனியாக வளர்த்தால் பல வைரஸ்கள் ஒட்டுவதில்லை. நுட்பமான சோதனைகளும் வந்திருக்கின்றன.

இரண்டாவது வகை, கூடப் பிறந்தது. எந்தக் காலத்திலோ பன்றியின் முன்னோருக்குத் தொற்றிய வைரஸ், அதன் மரபணுவிலேயே எழுத்தோடு எழுத்தாகச் சேர்ந்துவிட்டது. எல்லாப் பன்றிக்கும் அது உண்டு. எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் போகாது. பிறவிக் குணம் போல!

அந்த வைரஸ் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் மனித அணுவைத் தொற்றும் என்று 1997இல் லண்டன் விஞ்ஞானி ராபின் வைஸ் குழுவினர் காட்டினார்கள். உலகம் திடுக்கிட்டது. பல நாடுகள் இந்த ஆராய்ச்சியையே கொஞ்ச காலம் ஒத்தி வைத்தன.

பிறகு, ஏதாவது ஒரு விதத்தில் பன்றியின் உயிருள்ள தசையோடு தொடர்பு பட்ட 160 நோயாளிகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஒருவருக்கும் அந்த வைரஸ் தொற்றியிருக்கவில்லை. 1999இல் வந்த செய்தி இது. அதற்குப் பிறகும் எந்த மனிதருக்கும் அது தொற்றியதாகத் தெரியவில்லை. 2017இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மரபணுவைத் திருத்தி, அந்தப் பிறவி வைரசைச் செயல் இழக்கச் செய்த பன்றிக்குட்டிகளை உண்டாக்கிவிட்டார்கள். 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் ஒருவருக்கு வைத்த பன்றிச் சிறுநீரகம் அத்தகைய பன்றியுடையது. அதன் மரபணுவில் செய்த 69 திருத்தங்களில் 59 இந்த வைரசுக்காகவே செய்தவை.

ஆகவே விஞ்ஞானிகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று சொல்வதற்கு இல்லை. பயந்து பயந்துதான் அடி எடுத்து வைக்கிறார்கள்.

ஆபத்தை எடை போடுவது எப்படி?

ஒரு வைரஸ் எவ்வளவு ஆபத்தானது என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும்.

அந்தப் பன்றியிடம் அது இருக்கிறதா? மனித அணுவுக்குள் அதனால் புக முடியுமா? புகுந்தால் நோய் வருமா? வந்தால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுமா?

நான்காவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், அது நோயாளியின் சொந்த விவகாரம் அல்ல. ஊர் விவகாரம்.

மலேசியாவில் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். 1998ஆம் ஆண்டுக் கடைசியிலும் 1999ஆம் ஆண்டிலும் அங்கே பன்றிப் பண்ணைகளில் ஒரு விநோத நோய் வந்தது. பன்றிகள் இருமின. பண்ணையாட்கள் காய்ச்சல் வந்து நினைவு தப்பி விழுந்தார்கள். கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் உண்மையைக் கண்டுபிடித்தார். அது யாரும் கேள்விப்படாத புது வைரஸ். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தின் வழியாகப் பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த வைரஸ் அது. மலேசியாவில் மட்டும் 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கு அதிகமான பன்றிகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கிற்று.

2018இல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் அதே நிப்பா வந்தது. அங்கே பன்றிக்குச் சம்பந்தம் இல்லை. நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவிற்று. நோயாளியைக் கவனித்த நர்ஸ் ஒருவரும் உயிர் விட்டார்.

பெயரே தெரியாத கிருமிக்குச் சோதனை கிடையாது. பட்டியலில் உள்ள கிருமியைத்தான் தேட முடியும். 1998க்கு முன் எந்தப் பன்றியையும் யாரும் நிப்பாவுக்காகச் சோதித்திருக்க முடியாது. அப்படி ஒரு கிருமி இருப்பதே தெரியாதே! உறுப்பு மாற்றத்திலும் இதே நிலைதான். வாய்ப்பு மிகச் சிறியது. நடந்துவிட்டால் நஷ்டம் மிகப் பெரியது.

கல்பாக்கம் கற்ற பாடம்

வாய்ப்பு சிறியது, நஷ்டம் பெரியது என்றால் என்ன என்பது கல்பாக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26 காலை. கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. அணுமின் நிலையத்து ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. அணுமின் நிலையத்தின் கடல் நீர்ப் பம்புக் கட்டிடத்திலும் தண்ணீர் புகுந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த அணு உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். விபத்து வந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வைத்து, பழகி வைத்திருந்ததால் அது முடிந்தது. அலை வந்த பிறகு கூடி யோசித்திருந்தால் முடிந்திருக்குமா?

கல்பாக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. முதல் அணு உலை ஓடத் தொடங்கியது 1983இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடல் நீர், மீன், பால், காய்கறி எல்லாவற்றிலும் இயற்கையாக எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று குறித்து வைத்தார்கள். முன்பு எவ்வளவு என்று தெரிந்தால்தானே, பின்பு கூடிற்றா என்று சொல்ல முடியும்? உள்ளே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஓர் அட்டையை மாட்டிக் கொள்கிறார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது காட்டும். அந்தக் கணக்கு அவர்கள் பணிக்காலம் முழுவதும் ஏட்டில் இருக்கும்.

மிருக உறுப்பு மாற்றத்துக்கும் இதே முறைதான் வேண்டும். ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் ரத்தத்தையும், பன்றியின் ரத்தத்தையும் தசையையும் எடுத்துக் குளிரில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு நோயாளியை வாழ்நாள் முழுவதும் சோதித்து வர வேண்டும். இந்த மாதிரிகளை 50 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2001இல் வகுத்த வழிமுறை சொல்லிற்று. 50 ஆண்டு! ஆபரேஷன் செய்த டாக்டர் ஓய்வு பெற்றிருப்பார். பன்றி வளர்த்த கம்பெனி கை மாறியிருக்கும். மாதிரி மட்டும் கெடாமல் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு புது நோய் வந்தால், அந்தக் குப்பியைத் திறந்து பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து யார் போடுவது?

நோயாளியிடம் சொல்லவேண்டியதும் நிறைய இருக்கிறது.

உறுப்பு பெற்றவர் இனி ரத்த தானம் செய்யக் கூடாது. அவரோடு நெருங்கி வாழ்கிறவர்களும் செய்யக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். ஆயுள் உள்ள வரை சோதனைக்கு வர வேண்டும். வழிமுறைகள் கேட்பவை இவை.

மற்ற மருத்துவ ஆராய்ச்சியில், "எனக்கு இது வேண்டாம், நான் விலகுகிறேன்" என்று நோயாளி எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். அது அவருடைய உரிமை. இங்கே அப்படி எளிதில் விலக முடியாது. அவர் விலகினால் ஊருக்குக் காவல் போய்விடும்.

சாகக் கிடக்கிறவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மனைவி? பிள்ளைகள்? பக்கத்துக் கட்டில் நோயாளி? நர்ஸ்? அவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆபத்தில் மட்டும் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே அவர்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர் சர்க்கார்தான். எல்லாவற்றையும் விசாரித்து, தெரிந்து, பொறுப்பேற்றுப் போட வேண்டும்.

அமெரிக்காவில் 2025இல் பன்றிச் சிறுநீரகத்தை முறைப்படி பல நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஒருவருக்கு வைத்த பன்றிச் சிறுநீரகம் 271 நாள் வேலை செய்தது. இனி இது கதை அல்ல. இன்று இல்லாவிட்டாலும் நாளை இந்தியாவுக்கும் வரும்.

வரட்டும். வேண்டாம் என்று கதவைச் சாத்துவது சரியல்ல. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் ஏழைத் தொழிலாளிக்கு, "விஞ்ஞானம் உனக்கு வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வரும் முன்பே சட்டமும் காவலும் தயாராக இருக்க வேண்டும். டாக்டர்களோடு கால்நடை நிபுணர்களும் வைரஸ் நிபுணர்களும் அதில் உட்கார வேண்டும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பன்றி வளர்ப்பில் அனுபவம் உள்ள இடம். கிண்டியில் கிங் நிலையம் இருக்கிறது. நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அவர்களை இப்போதே கேட்க வேண்டும். சோதனையின் முடிவு நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். சோனாப்பூர் போல இன்னொன்று நடக்கக் கூடாது.

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

அதுவரை காத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களுக்குப் பன்றியைவிடக் கிட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதைக் காட்டியது திருக்கழுக்குன்றம். மனிதன் கொடுக்கும் உறுப்பிலும் கிருமி இருக்கலாம், ஆனால் அந்தக் கிருமிகள் டாக்டர்களுக்குத் தெரிந்தவை, சோதித்துப் பார்த்துவிடலாம்.

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் தானத்தின் முடிவு சர்க்கார் ஆபீசில் எடுக்கப்படுவது அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுது சிவந்த கண்களோடு நிற்கும் ஒரு தாயும் தகப்பனும் எடுப்பது. அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க யாராலும் முடியாது. முன்பே வீட்டில் பேசியிருந்தால் முடியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். சாப்பிட்டு முடித்து உட்காரும்போது இதைப் பேசலாம். "எனக்கு ஏதாவது ஆனால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் கேட்டுக்கொண்டால் போதும்.

பன்றியின் இருதயத்துக்குக் காவல் போட இன்னும் எத்தனையோ காலம் ஆகலாம். இந்த ஒரு பேச்சுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.